குபேரன் என்று ஒரு சர்வர்

போன வாரம் மூத்தவள் தன் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினாள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் கீழ்மாடிப் பூனையின் பெயரை வைத்தீர்கள். நான் கை கழுவிக்கொண்டே, "பேரை மாத்தினா ஹோஸ்ட்ஸ் ஃபைல்லயும் மாத்திடு" என்றேன். "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் எப்படிப்பா தெரியும்?" என்று சின்னவன் கேட்டான். நான் சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். சிரிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஃபைலில் எழுத வேண்டிய ஒரு வரியை நான் ஒரு வெள்ளிக்கிழமை எழுதாமல் விட்டேன். அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமையே வேறொருவர் வேலையை விட்டுத் துரத்தப்பட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது படித்து ஐடிஐயில் வயர்மேன் முடித்தவன் நான். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் அம்மாவோடு ஊரில் இருந்தீர்கள். நான் கப்பல் பட்டறையில் கேபிள் இழுத்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கார்கோ கடைக்கு மாறியிருந்தேன். ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கடை. வாரம் முழுக்கக் கட்டட வேலை பார்க்கிற ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, சாக்லேட், தைலம், பால்மாவு, பிள்ளைக்குச் சட்டை என்று ஒரு அட்டைப்பெட்டியில் திணித்து, டேப் சுற்றிக் கொடுப்பார்கள். எடை போட்டு, பார்கோடு போட்ட லேபில் அடித்து ஒட்டி, மூன்று மணி லாரியில் ஏற்ற வேண்டும். லேபில் இல்லாத பெட்டியை லாரிக்காரன் தொட மாட்டான்.

கவுண்டரில் ஒரு அக்கா இருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்போதே ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். காலையில் கடையைத் திறப்பதும் அவர்தான், சாயங்காலம் மூடுவதும் அவர்தான். நூறு பேர் நின்றாலும் யார் முன்னால் வந்தது, யார் நடுவில் நுழைந்தது என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குக் கண் தெரியாமல் போய் நாலு வருஷமாகியிருந்தது. வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான். அந்த வயதில் இன்னொரு கடையில் யார் எடுப்பார்கள்? இது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடையின் பின்னால் ஒரு மர அலமாரிக்குள் லினக்ஸ் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. லேபில் அடிக்கிற புரோகிராம் அதில்தான் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்தவன் ஒரு கன்சல்டன்ட். அவனைப் பற்றி 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை தொங்குகிற பட்டை, எந்த ஆபீஸ் அட்டை என்று கடைசி வரைக்கும் யாரும் பார்த்ததில்லை. தமிழ்க்காரன்தான். எங்களிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசுவான், வெள்ளைக்காரன் யாராவது வந்தால் வாய் மூடிக்கொள்வான். அந்த மெஷினுக்கு 'சர்வர்8' என்று பெயர் வைத்திருந்தான். ஏன் எட்டு என்று ஒரு தடவை கேட்டேன். "யூ ஆர் மை எய்ட்த் கஸ்டமர்" என்றான். எங்கள் கடைக்கு என்று ஒரு பெயர் யோசிக்கக்கூட அவனுக்கு நேரம் இல்லை.

மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மற்ற நாட்களில் ஏதாவது நின்றுவிட்டால் போனில் என்னிடம் எழுத்து எழுத்தாகச் சொல்லுவான், நான் அடிப்பேன். அடித்ததை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் திரையில் என்ன வந்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தாக வேண்டும். படிக்கப் படிக்கக் கொஞ்சம் புரிந்தது. நாலு பேருக்குப் புரியாத மாதிரி பேசுகிறவனுக்கு அதில் பாதி தெரியாது என்பதும் புரிந்தது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத முடியவில்லை. தனக்கென்று சொந்தமாக ஒரு முடிவு எடுக்கத் தெரியாத மனுஷர். ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு எண்கணித ஜோதிடர் வந்து ஹோட்டல் ரூமில் உட்காருவார். அவர் சொல்லித்தான் முதலாளி கடை திறக்கிற நேரத்தை மாற்றினார், வேனின் நம்பரை மாற்றினார், சொந்த மகனின் பெயரையும் மாற்றினார். அந்தப் பையன் பழைய பெயரைக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான், அது வேறு விஷயம். அந்த வருஷம் ஜோதிடர், "கடையில பேரு நம்பரு உள்ளது என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எழுதிக் கொண்டு வாங்க" என்றிருக்கிறார். முதலாளி கன்சல்டன்டின் பில்லைப் பார்த்து 'சர்வர்8' என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் முதலாளி கடைக்குள் நுழைந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"எட்டாம்யா. சனியோட நம்பராம். சனியைப் பிடிச்சு அலமாரிக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டு வியாபாரம் எப்படி நடக்கும்னு கேக்கறாரு."

கவுண்டர் அக்கா லேபில் ரோலை மாட்டிக்கொண்டே, "ஏன் முதலாளி, எட்டாம் நம்பர் பஸ்ஸுல தினம் எவ்வளவு பேர் போறாங்க, எல்லாருக்கும் சனியா?" என்றார். முதலாளிக்கு அந்த அக்காவிடம் பிடிக்காதது இதுதான். அவர் பேசுகிற எதற்கும் பதில் சொல்ல முடியாது.

புதுப் பெயர் குபேரன். ஆயுத பூஜை அந்த வருஷம் வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் பெயர் வைத்துவிட வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது என்று உத்தரவு. கன்சல்டன்டைக் கேட்டார்கள். அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது, உங்கள் ஆளையே செய்யச் சொல்லுங்கள், ஒரே ஒரு கமாண்டுதான் என்று சொல்லிவிட்டான். நானே செய்தேன்.

இந்த இடத்தில் சின்னவனுக்காக ஒன்று சொல்கிறேன், மூத்தவள் தாண்டிப் போகலாம். கம்ப்யூட்டர்களுக்குள் உண்மையில் நம்பர்தான் உண்டு. நம் வீட்டுக்கு புளோக் நம்பர், யூனிட் நம்பர் இருக்கிற மாதிரி. பெயர் என்பது மனுஷனின் வசதிக்கு. டாக்சிக்காரரிடம் "மல்லிகா அக்கா வீடு" என்று மட்டும் சொன்னால் கிளமெண்டி வட்டாரத்தில் எங்கே போவார்? எந்தப் பெயருக்கு எந்த நம்பர் என்று எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும். வெளியில் உள்ள பெயர்களைக் கேட்டுச் சொல்வதற்குப் பெரிய பெரிய சர்வர்கள் இருக்கின்றன. மெஷினுக்குள்ளேயே ஒரு சின்னப் பட்டியலும் இருக்கிறது. அதுதான் ஹோஸ்ட்ஸ் ஃபைல். மெஷின் தன்னுடைய பெயருக்கு என்ன நம்பர் என்பதையும் அந்தப் பட்டியலில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். ஆக, பெயர் மாற்றுவது இரண்டு வேலை. பெயரை மாற்ற வேண்டும், பட்டியலிலும் மாற்ற வேண்டும். கன்சல்டன்ட் சொன்ன மாதிரி ஒரே ஒரு கமாண்டு இல்லை.

இது எனக்கு அன்றைக்கே தெரியும். நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அலமாரிக்கு மாலை போட்டு, மெஷினுக்கும் பிரிண்டருக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் முடிந்து என்னிடம் வரும்போது மணி பத்து இருபத்தைந்து. முதலாளி, அவர் மனைவி, லாரிக்காரன், எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அடித்தேன். குபேரன் பிறந்தான். முதலாளியின் மனைவி கை தட்டினார். அடுத்த கட்டளையை அடித்தபோது திரையில் ஒரு வரி வந்தது: குபேரன் என்ற பெயருக்கு உரிய நம்பரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"முதலாளி, இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு. பட்டியல்ல எழுதணும். ரெண்டு நிமிஷம்."

முதலாளி கையைக் கடிகாரத்தோடு என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பத்தரை ஆயிடுச்சு. கையை எடு."

"ரெண்டு நிமிஷம்தான்."

"ராகு காலத்துல ஒரு எழுத்து எழுதக் கூடாதுன்னா கூடாது. எடுய்யா கையை!"

அலமாரிக் கதவை அவரே சாத்தினார். வெளியே போய்ப் பூசணிக்காய் உடைத்தோம்.

ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. பன்னிரண்டு ஒன்றுக்கு நான் போய் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சுண்டல் சாப்பிட்டேன், பெட்டி தூக்கினேன். லேபில் புரோகிராம் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்ததால் அது பாட்டுக்கு ஓடியது, முன்பக்கம் கவுண்டரில் இருந்த கம்ப்யூட்டர்கள் பழைய பெயரையே வைத்துக்கொண்டு சமாளித்தன. ஓடுகிற வரைக்கும் சரி என்று விட்டுவிட்டேன். முதலாளியைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் கவுண்டர் அக்கா வழக்கம்போல மெஷினை நிறுத்தினார். வாரத்துக்கு ஒரு நாள் நிறுத்த வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று கன்சல்டன்டே ஒரு தாளில் அடித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தான். அதன்படிதான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டார். மெஷின் எழுந்தது. லேபில் புரோகிராம் எழவில்லை. அது எழும்போது முதல் வேலையாகத் தன் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்கு நம்பரைத் தேடும். பட்டியலில் குபேரன் இல்லை. நின்றுவிட்டது.

எட்டரைக்கு நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை பார்த்த அதே வரி திரையில் இருந்தது. உடனே தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷ வேலை. உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் முதலாளி எனக்குப் பின்னால் நின்று போனில் கன்சல்டன்டிடம் கத்திக்கொண்டிருந்தார், கன்சல்டன்ட் அந்தப் பக்கத்திலிருந்து, "யாரையும் தொட விடாதீங்க சார்" என்பது எனக்கே கேட்டது. முதலாளி என் தோளைப் பிடித்து இழுத்தார். "தொடாத. அவர் வந்து பாப்பாரு." நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். அந்த மாதம் என் எஸ் பாஸ், இங்கே வேலை பார்க்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டிய மாதம். முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை நான் விட்ட வேலை என்று சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். கன்சல்டன்ட் வந்து அவனே கண்டுபிடித்து அவனே சரி பண்ணிவிட்டால் யாருக்கும் சேதாரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கண்டுபிடிப்பான் என்று நினைத்தேனே, அதைச் சொல்லுங்கள்.

ஒன்பதே முக்காலுக்கு வந்தான். அதற்குள் வரிசை கடையைத் தாண்டி அஞ்சடி நடைபாதை முழுக்க நின்றது. தீபாவளிக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டிய பெட்டிகள். கருப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒரு ஆள் முன்னால் நின்று, "என்னண்ணே, பெட்டி பறக்குமா, இல்ல நாங்களே தலையில வெச்சுக்கிட்டு நீந்திப் போகணுமா?" என்றார். பின்னால் இருந்து ஒருவர், "பேனாவுல எழுதி ஒட்டுங்க, எங்க ஊர்ல படிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கவுண்டர் அக்காவும் சிரித்தார். அப்போது வரைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

கன்சல்டன்ட் நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே கேட்டான். "ஹூ ஷட் டவுன் லாஸ்ட்?"

"நான்தான்" என்றார் அக்கா.

"பவர் பட்டனை அமுக்குனீங்களா?"

"இல்லையே. நீங்க ஒட்டி வெச்சிருக்கிற தாளைப் பார்த்துத்தான் செஞ்சேன்."

"ஷுவரா?"

"தம்பி, நாலு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்யறேன் லா. இன்னைக்குத்தான் புதுசா செய்யற மாதிரி கேக்கறீங்க."

அவன் முதலாளி பக்கம் திரும்பி, அக்கா அங்கே இல்லாத மாதிரி பேசினான். "சார், பேசிக்கலி இம்ப்ராப்பர் ஷட்டவுன். சிஸ்டம் கரப்ட் ஆகியிருக்கு. ஐ வில் ட்ரை."

மெஷினின் திரையைக்கூட அதுவரை பார்க்கவில்லை அவன். குற்றவாளி கிடைத்துவிட்டாள், இனி குற்றத்தைத் தேடினால் போதும். அப்புறம் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் பெயர், நம்பர் என்று ஏதோ சொல்கிறதே என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. வெளிப்பெயர்களைக் கேட்கிற சர்வரின் நம்பர் எழுதியிருக்கும் இன்னொரு ஃபைலைத் திறந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஃபைலின் முதல் வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: இதைக் கையால் திருத்தாதே, திருத்தினால் அழிந்துபோகும். நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். அவன் அந்த வரியைத் தாண்டிக் கீழே போய் ஒரு நம்பரை எழுதி மெஷினை நிறுத்திப் போட்டான். அவன் எழுதியது அழிந்துபோயிருந்தது. மறுபடி எழுதினான். மறுபடி அழிந்தது. மூன்றாவது தடவை எழுதிவிட்டு, "ஸ்ட்ரேஞ்ச்" என்றான். பட்டம் வாங்கியவன். முதல் வரியைப் படிக்கவில்லை.

"முதல் வரியில என்னமோ போட்டிருக்குங்க" என்றேன்.

"அண்ணா, யூ கோ அண்ட் கெட் மீ கோப்பி. கோப்பி ஓ, கொசோங்."

சர்க்கரை இல்லாத கருப்புக் காப்பியை வாங்கிக்கொண்டு வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரமும் முதலாளி கவுண்டர் அக்காவை விடவில்லை. வரிசையில் நின்ற ஆட்கள் முன்னாலேயே. "வயசாயிடுச்சுன்னா வீட்டுல உக்காரணும்." "கண்ணு தெரியாத ஆளோட இருந்து இருந்து இவங்களுக்கும் கண்ணு தெரியல." இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொன்னபோது வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு பெட்டியாக எடை போட்டு, லேபில் வந்ததும் ஒட்டுவதற்காகப் பெயரையும் எடையையும் சாக்பீஸால் பெட்டி மேல் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, நீ சொல்லேன், நான் சரியாத்தானே நிறுத்துவேன்? நீ எத்தனை தடவை பார்த்திருக்கே" என்றார்.

"அக்கா சரியாத்தான் செய்வாங்க முதலாளி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் இருந்ததைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி, "நீங்க கிளம்புங்கம்மா. நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார். அக்கா கையிலிருந்த சாக்பீஸைத் தராசு பக்கத்தில் வைத்தார். மேசைக்கு அடியிலிருந்து கைப்பையை எடுத்தார். வரிசையைப் பார்த்து, "இந்த நீலப் பெட்டிக்காரர்தான் அடுத்து, நடுவுல யாரும் நுழையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கன்சல்டன்ட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும், ஒரு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுத் தேக்காவுக்குப் பிரியாணி சாப்பிடப் போனான். முதலாளி லாரிக்காரனோடு போனில் கெஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அலமாரிக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன். பட்டியலைத் திறந்தேன். இரண்டாவது வரியில் 127.0.1.1 என்ற நம்பருக்கு எதிரே சர்வர்8 என்று இருந்தது. அதற்கு முன்னால் குபேரன் என்று எழுதினேன். பழைய பெயரையும் விட்டு வைத்தேன். புரோகிராமைக் கிளப்பினேன். முன்னால் பிரிண்டர் கிர்ரென்று லேபில் தள்ளுகிற சத்தம் கேட்டது. வரிசையில் கை தட்டினார்கள். மொத்தத்தில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலாளி ஓடி வந்தார். பிரிண்டரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? அந்தம்மா காலை வெளிய வெச்சாங்க, மெஷின் எந்திரிச்சிடுச்சு. குபேரனுக்கு அவங்க ஆகலைய்யா!"

என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷியின் சோற்றைப் பிடுங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதே நேரத்தில் கன்சல்டன்ட் பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தான். லேபில் ஓடுவதைப் பார்த்தான். ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. "யெஸ். நான் பண்ணின சேஞ்ச் ப்ராப்பகேட் ஆக டைம் எடுக்கும் சார். நவ் ஓகே."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. தைரியத்தால் வரவில்லை. இந்த இரண்டு பேருக்கும் பயந்தா நாலு மணி நேரம் நின்றேன் என்ற அருவருப்பில் வந்தது.

"நான்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை விட்டுப்போன வரி. பேரை மாத்தினேன், பட்டியல்ல எழுதல. அக்கா மேல ஒரு தப்பும் கிடையாது. என் தப்பு."

"அதெல்லாம் இல்ல சார்" என்றான் கன்சல்டன்ட். "ஹோஸ்ட்ஸ் ஃபைல் எல்லாம் ஓல்ட் மெத்தட். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப பாருங்க" என்றேன். உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லை அழித்தேன். புரோகிராமை நிறுத்திக் கிளப்பினேன். பிரிண்டர் நின்றது.

வெளியே நூறு பேர் ஒரே குரலில், "அய்யோ!" என்றார்கள். கருப்புக் கண்ணாடிக்காரர், "யோவ், யார்யா அது விளையாடறது?" என்று கத்தினார். முதலாளி என் சட்டைக் காலரைப் பிடித்தார். நான் மறுபடி குபேரன் என்று எழுதினேன், கிளப்பினேன். லேபில் வந்தது.

"இன்னொரு தடவை காட்டவா?" என்றேன்.

"வேணாம்" என்றார் முதலாளி. கன்சல்டன்ட் போனை எடுத்துப் பார்த்தான். அவனுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு முக்கியமான மெசேஜ் வந்திருந்தது, பாவம்.

முதலாளி வெகுநேரம் யோசித்தார். அக்காவைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்ப பேரை மாத்தினது தப்புன்னு சொல்றியா?" என்றார். அவருடைய கவலை அது.

"பேரை மாத்தினது தப்பில்ல. எழுதாம விட்டது தப்பு. அக்காவைக் கூப்பிடுங்க."

"நீயே கூப்பிடு. மூணு மணிக்குள்ள இத்தனை லேபிலையும் யாரு ஒட்டறது."

என் போனிலிருந்து கூப்பிட்டேன். தேக்கா மார்க்கெட்டின் இரைச்சல் கேட்டது, கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்டது.

"சொல்லு தம்பி. மீன் வெட்டிக்கிட்டிருக்காங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ராகு காலம், பட்டியல், விட்டுப்போன வரி.

"முதலாளிகிட்ட குடு."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன். முதலாளி குனிந்து, "கூட்டமா இருக்கும்மா, வந்துடுங்க" என்றார்.

"என் மேல தப்பு இல்லன்னு அந்த வரிசைக்கு முன்னால சொல்லிட்டீங்களா?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? வாங்க, பேசிக்கலாம்."

"திட்டினது அவங்க முன்னாலதான் முதலாளி. எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் திட்டினீங்க. சொல்றதை மட்டும் ஏன் தனியா?"

முதலாளி போனை என் கையில் திணித்து, "திமிரைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நூறு பேருக்கு முன்னால் போய் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அலமாரிக்கு மாலை போட்ட கை அது.

நான் போனைக் காதில் வைத்தேன். "அக்கா, நான் போய்ச் சொல்றேன். எல்லாருக்கும் சொல்றேன்."

"நீ எப்ப தெரிஞ்சுக்கிட்டே?"

"காலைல. எட்டரைக்கு."

"இப்ப மணி என்ன?"

"ஒன்னு பத்து."

மீன்காரர், "அக்கா, தலை வேணுமா?" என்று கேட்டார். "போடுங்க, தலையும் போடுங்க" என்றார் அக்கா. போன் நின்றுவிட்டது.

நான் வெளியே போய் வரிசையிடம் சொன்னேன். கருப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதைக் காலைலயே சொல்றதுக்கு என்னய்யா உனக்கு?" என்று கேட்டார். லேபில்களை நானும் லாரிக்காரனும் ஒட்டினோம். பதினேழு பெட்டிகள் லாரியைத் தவறவிட்டன.

என் பாஸைப் புதுப்பித்தார்கள். நியாயம் பார்த்து ஒன்றும் இல்லை. அந்த மெஷினை எழுப்பத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. கன்சல்டன்டும் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தான், அவனுக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. அந்தப் பாஸில் அங்கே மேலும் இரண்டு வருஷம் இருந்து, வேறு வேலைக்குப் போய், அப்புறம்தான் உங்களையும் அம்மாவையும் கூட்டி வந்தேன். இந்த வீட்டில் நீங்கள் உட்கார்ந்து பூனைப் பெயர் வைத்து விளையாடுவதற்குப் பின்னால் அந்த நாலு மணி நாற்பது நிமிஷமும் இருக்கிறது. நீங்கள் பெரியவர்களாகிவிட்டீர்கள், தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். வேலைக்கு வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். அவர் உட்காரவில்லை. கடைச் சாவியைக் கவுண்டர் மேல் வைத்து, பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தார்.

"சாவியை வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடு. தேதி போடு, மணி போடு."

"அக்கா, எதுக்கு இதெல்லாம்? நான் சொல்ல மாட்டேனா?"

"நாளைக்கு ஏதாவது காணாமப் போனா நீ எத்தனை மணிக்குச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது."

எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கையெழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போனார்.